பாய்களைக் கழற்றி மாட்டிய வாரம்

தெற்கு ஆஸ்திரேலியாவின் விக்டர் ஹார்பரில், பிளஃப் என்ற குன்றில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. ஆங்கிலேயரான மேத்யூ ஃபிளிண்டர்ஸும் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா போதானும் 1802 ஏப்ரல் 8 அன்று அந்தக் கடலில் சந்தித்ததைச் சொல்லும் பலகை. இருவரும் ஒரே கரையை வரைபடமாக்க வந்தவர்கள். போன வருடம் அங்கே நின்று கிழக்கே கடலைப் பார்த்தபோதே, அந்தச் சாயங்காலத்தைச் சிறிய மாதிரியாகச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அளவு 1:200. ஃபிளிண்டர்ஸின் கப்பலான இன்வெஸ்டிகேட்டர் சுமார் 100 அடி நீளம், என் மேசையில் அரை அடி. பால்சா கட்டையில் இரண்டு கப்பலின் உடலையும் செதுக்கியாயிற்று. பாய்களுக்குத் தேநீரில் நனைத்துக் காயவைத்த மெல்லிய காகிதம்.

தப்பு பாயில்தான் நடந்தது. எல்லாப் பாயையும் காற்றில் புடைத்த மாதிரி ஒட்டிவிட்டேன். பார்க்க அழகுதான். ஆனால் நான் காட்ட வந்தது ஃபிளிண்டர்ஸ் போதானைப் பார்க்கப் படகில் இறங்கிப் போன நேரத்தை. அப்போது கப்பல் ஓடக் கூடாதே! நங்கூரம் போடாமல் நடுக்கடலில் கப்பலை நிறுத்த ஒரு வழி உண்டு. முன்மரத்துப் பாய் முன்னே இழுத்துக்கொண்டிருக்க, நடுமரத்துப் பாயைத் திருப்பி அதன் முன்பக்கத்தில் காற்று அடிக்கும்படி வைப்பார்கள். ஒன்று இழுக்க, மற்றொன்று தள்ள, கப்பல் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். எனவே நடுமரத்துப் பாய்களை இரண்டு கப்பலிலும் கழற்றி, ஈரப்படுத்தி, மரத்தோடு ஒட்டி அமுங்கியது போல மறுபடி செய்தேன். நான்கு இரவு போயிற்று. இப்போதுதான் கப்பல்கள் நிற்கின்றன.

பீரங்கி வாயில்களைத் திறந்தே வைத்திருக்கிறேன். அவர்கள் கிளம்பியபோது பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர். இருவரிடமும் எதிரி நாட்டு அரசு கொடுத்த அனுமதிக் கடிதம் இருந்தும், எதிரே வருவது கப்பல் என்று தெரிந்ததுமே ஃபிளிண்டர்ஸ் சண்டைக்குத் தயாரானார். வெள்ளைக்கொடி ஏற்றிய பிறகும், தன் பீரங்கி வரிசை பிரெஞ்சுக் கப்பலையே பார்த்திருக்கும்படி கப்பலைத் திருப்பினார். போர் முடிந்து மார்ச் 25 அன்றே ஆமியேன் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அந்தச் செய்தி அவ்வளவு தூரம் வந்து சேரவில்லை. வெள்ளைக்கொடியும் திறந்த பீரங்கியும் ஒரே கப்பலில் இருப்பதுதான் எனக்கு இந்தச் சந்திப்பின் உயிர்.

அப்புறம் கொடிகள். போதானின் கப்பலான லெ ஜியோகிராஃப் பிரெஞ்சுக் கொடியோடு முன்பக்கத்தில் ஓர் ஆங்கிலக் கொடியையும் ஏற்றியது. இதில் ஒரு நுணுக்கம் பிடிபட்டது. அயர்லாந்தின் சாய்வான சிவப்புக் கோடுகள் பிரிட்டிஷ் கொடியில் சேர்ந்தது 1801 ஜனவரி 1-இல். ஃபிளிண்டர்ஸ் கிளம்பியது அதற்குப் பிறகு, 1801 ஜூலையில். போதான் முன்பே, 1800 அக்டோபரில். ஆக, பிரெஞ்சுக் கப்பலில் பறந்தது பழைய கொடியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அப்படியே வரைந்திருக்கிறேன், ஃபிளிண்டர்ஸ் கப்பலின் கொடியில் அந்தக் கோடு உண்டு, மற்றதில் இல்லை.

மிச்சம் படகுதான். ஃபிளிண்டர்ஸுக்கு பிரெஞ்சு தெரியாததால் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனையும் கூட்டிப்போனார். இந்த அளவில் ஆள் நின்றால் ஒரு நெல்மணி உயரம். துடுப்புப் போடுகிறவர்கள் தயார். பிரவுனுக்கு இன்னும் தொப்பி வைக்கவில்லை.