144-ஐ விட 108 பெரியது

உற்பத்தியில் எது எப்படிப் பிழையாகலாம் என்று முன்கூட்டியே அலசும் முறைக்குப் பி.எஃப்.எம்.இ.ஏ. என்று பெயர். அந்தத் தேர்வில் முதல் முறை தோற்றேன். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. பெருக்கியதுதான் பிழை.

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவன் நான். தமிழ்வழியில் படித்து, மலையாளத்தில் ஷிப்டை ஓட்டி, ஆங்கிலத்தில் தேர்வெழுதும் பிழைப்பு. ஆகவே கையில் கிடைத்த பழைய கையேட்டின் நகலை நெட்டுருப் போட்டேன். செவெரிட்டி (விளைவின் கடுமை), அக்கரன்ஸ் (எவ்வளவு அடிக்கடி நேரும்), டிடெக்‌ஷன் (கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம்) ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். மூன்றையும் பெருக்கினால் ஆர்.பி.என். என்னும் அபாய எண்; பெரிய எண்ணை முதலில் கவனி. 2019-இல் அமெரிக்க வாகனத் தொழில் அமைப்பான ஏ.ஐ.ஏ.ஜி.யும் ஜெர்மன் அமைப்பான வி.டி.ஏ.வும் சேர்ந்து வெளியிட்ட கையேடு இந்தப் பெருக்கலை விட்டுவிட்டு, ஏ.பி. என்னும் முன்னுரிமை அட்டவணைக்கு மாறிவிட்டது. கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்.

வித்தியாசத்தை ஒரு பிரேக் பாகத்தை வைத்துச் சொல்கிறேன். மரை வெட்டும் கருவியான டேப்பின் நுனி உடைந்தால் துளையில் மரை பாதியில் நின்றுவிடும். போல்ட் அடியில் முட்டி இறுகியதுபோலக் காட்டும். இறுக்கத்தை அளக்கும் டார்க் கருவியும் சரி என்றே சொல்லும். உண்மையில் போல்ட் பாகத்தைப் பிடித்திருக்காது. செவெரிட்டி 9, அக்கரன்ஸ் 4, டிடெக்‌ஷன் 3: பெருக்கினால் 108. அதே பாகத்தில் பெயின்ட் கீறலுக்கு 4, 6, 6: பெருக்கினால் 144. பழைய கணக்கில் கீறல் முந்துகிறது! ஏ.பி. அட்டவணையிலோ மரைக்கு ‘ஹை’, கீறலுக்கு ‘மீடியம்’. அங்கே செவெரிட்டிக்குத்தான் முதல் மரியாதை. நான் கீறலைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் முறை புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வாரம் டேப்பிங் இயந்திரத்தின் பக்கத்தில் நோட்டுடன் நின்றேன். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதும் பழக்கம் அங்கேதான் ஒழிந்தது. டேப்பை எத்தனை துளைக்கு ஒருமுறை மாற்றுவது என்று அந்த இயந்திரத்தில் எங்குமே எழுதியிருக்கவில்லை. அதற்குத் தொழிலாளி என்ன செய்வார்? விடைத்தாளில் ‘டேப் ஆயுள் வரம்பு நிர்ணயிக்கப்படவில்லை’ என்று எழுதினேன்.

பலர் சறுக்கும் இடங்கள் இன்னும் இரண்டு. டிடெக்‌ஷனில் 10 என்றால் கண்டுபிடிக்க வழியே இல்லை என்று பொருள். சோதனை நன்றாக இருப்பதற்குக் கொடுக்கும் பரிசு மதிப்பெண் அல்ல. அடுத்தது, எத்தனை கேஜ் (அளவு சோதிக்கும் கருவி) வைத்துச் சோதித்தாலும் செவெரிட்டி இறங்காது, டிடெக்‌ஷன்தான் இறங்கும். செவெரிட்டியை இறக்க வடிவமைப்பில்தான் கை வைக்க வேண்டும். கேள்வித்தாளில் இதை மாற்றி மாற்றிக் கேட்பார்கள்.

புதிய கையேடு சொல்லும் ஏழு படிகளின் பெயரை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். மீதி நாட்களில் உங்கள் இயந்திரம் ஒன்றுக்கு வெற்றுப் படிவத்தைக் கையால் நிரப்புங்கள். மூன்று வரி எழுதுவதற்கு எனக்கு இரண்டு ஷிப்ட் ஆனது.