கல்குடாக் கடலில் கவிழ்ந்து கிடக்கும் கப்பல்

கல்குடாவில் மூழ்கிக் கிடக்கும் கப்பலைச் சுழியோடிப் பார்த்துவிட்டு நேற்றிரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். காதுக்குள் இன்னும் தண்ணீர் குலுங்குகிறது. மனதில் பாதி சந்தோசம், பாதி கோபம். இரண்டும் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். எப்படிப் போவது, என்ன செலவு என்று ஒழுங்காகச் சொல்லத்தான் நினைத்தேன், பார்ப்போம்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு இரவு ரயிலில் வந்து, கல்லடியில் சின்னம்மா வீட்டில் பையை வைத்தேன். மறுநாள் காலை வாழைச்சேனைக்கு பஸ். கால் வைக்க இடமில்லை, பாட்டுச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். என் டைவிங் பைக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னாரே கண்டக்டர், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. காசையும் வாங்கிக்கொண்டு பையை எஞ்சின் பெட்டிக்கு மேல் தூக்கிப் போட்டார். இறங்கும்போது முகமூடியின் ரப்பர் கொதித்தது. அப்புறம் கல்குடாவுக்கு ஓட்டோ. 2000 ரூபாய் கேட்டார், பேசிப் பேசி 1200. அந்தத் தூரத்துக்கு அதுவும் அநியாயம். பையைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். தங்குவதற்கு மட்டக்களப்பில் யாரும் இல்லை என்றால் ரயிலில் வரும்போதே வாழைச்சேனையில் இறங்கிவிடுங்கள், இந்தப் பாடு மிச்சம்.

டைவுக்குக் கேட்ட காசை இங்கே எழுதினால் அம்மா வாசித்துவிடுவார். கல்லடிக் கடைகளில் ஒரு கிழமை மூன்று வேளையும் சாப்பிடக்கூடிய காசு என்று மட்டும் சொல்கிறேன். கொடுத்ததில் ஒரு சதத்துக்கும் கவலையில்லை.

நான் பார்க்கப் போனது பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே இந்தக் கரையோரமாக இருந்த கப்பல்களையும் தேடிப்பிடித்து அடித்தன. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், அதற்குத் துணையாகப் போன வம்பயர் என்ற போர்க்கப்பல், ஹொலிஹொக் என்ற சிறிய போர்க்கப்பல், அத்தெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்கள். ஒரே நாளில் ஐந்தும் போயின. எங்கள் படகை ஓட்டிய ஐயாவின் வீட்டில் அந்த நாள் இன்னும் இருக்கிறது. "அப்பப்பா கரையில நிண்டாராம் மனே. இடி இடிச்ச மாதிரிச் சத்தமாம், மறுகா கடலெல்லாம் கறுப்புப் புகையாம்" என்றார்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முதலில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். அப்புறம் கீழே ஒரு கறுப்பு நிழல். நான் மணல் திட்டு என்று நினைத்தேன், அது கப்பலின் வயிறு. கப்பல் கவிழ்ந்து கிடக்கிறது, 24 மீட்டர் ஆழத்தில். அதன் மேல் மிதப்பது ஒரு பெரிய வீட்டுக் கூரைக்கு மேல் பறப்பது போல இருந்தது. பாரைக் கூட்டம் ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. பிளந்த தகட்டுக்குக் கீழே ஒரு களவாய், என் இடுப்பளவு இருக்கும், அசையவே இல்லை.

ஒரு தகட்டின் ஓரத்துக்குக் கிட்டப் போய் நின்றேன். கிழிந்த பாயின் விளிம்பு போல இரும்பு வெளிப்பக்கமாகச் சுருண்டிருந்தது. வரிசையாக ரிவிட் ஆணித் தலைகள், ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் கடற்பஞ்சு. இரண்டு ஆணிகளுக்கு நடுவே விரல் நகத்தளவு இறால் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு தொழிலாளி சுத்தியலால் அடித்து இறுக்கிய ஆணி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

உள்ளே நுழைய வேண்டாம் என்று கூட்டிப்போன பொடியன் முன்னமே சொல்லியிருந்தான். ஆபத்து ஒரு காரணம். இன்னொன்று, நாம் விடும் மூச்சுக் குமிழிகள் உள்கூரையில் தேங்கி நின்று இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வெளியே படிந்திருக்கும் சிப்பி, சுண்ணாம்பு ஓடுதான் அந்த இரும்புக்குப் போர்வை. அதை உடைத்தால், நங்கூரத்தால் கீறினால், அந்த இடத்தில் துரு வேகமாகத் தின்னத் தொடங்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் அது நடந்தது. மேலே வந்து படகில் ஏறியதும், எங்களோடு வந்த ஒருவர் சட்டைப் பையிலிருந்து கைப்பிடியளவு இரும்புத் துண்டு ஒன்றை எடுத்தார். ஆணியோடு பெயர்த்த துண்டு. ஷோகேசில் வைக்கப் போகிறாராம். நான் சத்தம் போட்டேன். பொடியன் தலையைக் குனிந்துகொண்டான், காசு கொடுத்த ஆளிடம் அவன் என்ன பேசுவான். இத்தனை வருடம் உப்பு ஊறிய இரும்பு அது. காய்ந்தால் வெடித்து உதிரும், கொஞ்ச நாளில் ஷோகேசில் செந்தூள்தான் மிஞ்சும். கடலிலிருந்து எடுத்த இரும்பைக் காப்பாற்ற மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், உப்பை இறக்க வேண்டும். அதற்கென்று காலியில் கடல்சார் தொல்லியல் பிரிவு ஒன்று இருக்கிறது. 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தரின் அவொண்ட்ஸ்டர் கப்பலை ஆராய்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ஆய்வுகூடத்தையே 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயக் கடலில் ஏறக்குறைய 2000 வருடப் பழைய கப்பல் கிடப்பதை வெளியே கொண்டுவந்ததும் உள்ளூர் மீனவச் சுழியோடிகள்தான். கடலுக்குள் என்ன கிடக்கிறது என்று முதலில் தெரிவது கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு. படகோட்டி ஐயா போன்றவர்களைக் கூப்பிட்டு, சம்பளமும் கொடுத்து, இந்தக் கப்பல்களுக்குக் காவல் போட்டால் என்ன?

யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை 100 வருடம் நீருக்குள் கிடந்ததைத்தான் மரபுரிமை என்கிறது. அந்தக் கணக்கில் இந்தக் கப்பல்களுக்கு 2042 வரவேண்டும். அதுவரை யார் பொறுப்பது? இதே 1942இல் ஜாவாக் கடலில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் டி ரூய்டரும் ஜாவாவும் இருந்த இடத்தில், 2016இல் போய்ப் பார்த்தபோது வெறும் பள்ளம்தான் இருந்தது. பழைய இரும்புக்காக அறுத்து எடுத்துவிட்டார்கள். அவை ஆட்கள் செத்துக் கிடந்த கப்பல்கள்.

கோபத்தோடு கல்லடி வந்தேன். சின்னம்மா கேட்கவே இல்லை, கோப்பையை வைத்துவிட்டார். பிட்டு, தேங்காய்ப்பால் நிறைய விட்ட நண்டுக் கறி, சுண்டிய இறால், கடைசியில் எருமைத் தயிரும் பாணியும். நண்டுக் காலை உடைத்துக் குழம்போடு உறிஞ்சிய நேரத்தில் ஓட்டோக்காரரையும் கண்டக்டரையும் மன்னித்துவிட்டேன். இரும்பு எடுத்தவரை மன்னிக்கவில்லை. பயணத்திலேயே காசில்லாமல் கிடைத்த சாப்பாடும் இதுதான், சிறந்த சாப்பாடும் இதுதான்.

பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்குப் போனேன். கண்ணுக்கு எட்டாத தூரத்தில், 50 மீட்டருக்கும் கீழே, ஹெர்மிஸ் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. அன்று காலை அதில் சொந்த விமானம் ஒன்றுகூட இல்லை. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் செத்துப் போனார்கள். மிஞ்சியவர்களை வீட்டா என்ற வைத்தியக் கப்பல் அள்ளிக்கொண்டு போனது. பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர்தான் எல்லை, ஹெர்மிஸுக்கு வேறு வாயுக் கலவை, வேறு பயிற்சி, வேறு காசு. எனக்கு இப்போதைக்கு ஏலாது.

போகிறவர்கள் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் போங்கள், அப்போதுதான் கடல் அமைதி. காசு கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கப்பல் மேல் நங்கூரம் போடுவீர்களா, யாராவது ஏதாவது எடுத்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் வேறு படகு பாருங்கள். நான் கேட்காமல் போனேன்.