தாச்சிக்குப் பக்கத்தில் ஒரு மூடி

சென்ற தீபாவளிக்கு முதல் நாள், திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டுக் குசினியில் முறுக்குப் பொரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட, அடுப்பைக் குறைக்காமலே போய்க் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது குசினி முழுவதும் புகை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாச்சியிலிருந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. என் கை முதலில் போனது தண்ணீர் வாளிக்குத்தான்.

"பிள்ளை, தண்ணியைத் தொடாதை! மூடு, மூடு!" என்று மாமி சத்தம் போட்டார். நான் அசையாமல் நிற்க, அவரே சோற்றுப்பானையின் அலுமினிய மூடியைக் கேடயம்போல் முன்னால் பிடித்துக்கொண்டு வந்து, தாச்சியின் இந்தப் பக்க விளிம்பிலிருந்து அந்தப் பக்கமாக நகர்த்தி மூடினார். பிறகுதான் காஸை நிறுத்தினார். அரை மணித்தியாலத்துக்கு மேலாக எவரையும் அந்த மூடியைத் திறக்க விடவில்லை. சூடு தணியாத எண்ணெய்க்குக் காற்றுப் பட்டால் மறுபடியும் பற்றிக்கொள்ளும்.

தண்ணீர் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, தண்ணீர் கொதிக்கும் 100 பாகையைவிட மிகவும் சூடான எண்ணெய்க்குள் ஒரே கணத்தில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்காக விரிந்து, எரிகின்ற எண்ணெயைக் கூரை வரைக்கும் வீசியிருக்கும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவதும் அதே அளவு ஆபத்தானது. மூடி அகப்படாவிட்டால் தட்டையான உலோகத் தட்டமோ, நனைத்து நன்றாகப் பிழிந்த தடித்த துவாயோ போதும். கோதுமை மாவை மட்டும் அள்ளிப் போட்டுவிடக் கூடாது, ஏனென்றால் மாவே எரியும்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, சிறுதீயில் வைத்த அடுப்பைச் சத்தமில்லாமல் அணைத்துவிட்டுப் போய்விடும். காஸோ வந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படியும். ஆகவே மேல் யன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கதவையும் திறக்க வேண்டும். மணம் வந்தால் சுவிச்சில் கை வைக்காதீர்கள், மின்விசிறியைப் போடவும் வேண்டாம். 2021 இன் இறுதியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தபோது குழாய்க்கும் றெகுலேட்டருக்கும் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்த நாங்கள், ஆறு மாதத்தில் அதை மறந்துவிட்டோம். 2022 இல் காஸ் கிடைக்காமல் விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகள் சிலவற்றில் இன்றும் சிலிண்டரும் விறகடுப்பும் ஒரே குசினியில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அன்று என் முழங்கையில் எண்ணெய் தெறித்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பற்பசையோடு ஓடி வந்தார். மாமி அதை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, என் கையைக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே 20 நிமிடம் பிடித்து வைத்திருந்தார். காயம் பெரிதாக இருந்திருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்சைத்தான் கூப்பிட்டிருப்போம்.

இப்போது தாச்சியை அடுப்பில் ஏற்றுமுன் அந்தச் சோற்றுப்பானை மூடியைப் பக்கத்தில் எடுத்து வைக்கிறேன். அதன் உட்பக்கத்துக் கரியை எவ்வளவு தேய்த்தும் போக்க முடியவில்லை.