உள்ளே ஒளிந்திருந்த ஆறு எழுத்து

எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் எனக்குக் கிடைத்தது 780 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளமுள்ள ஒரு பாக்டீரியா ஜீன். அதை பெட்-28ஏ வெக்டரில், அதாவது ஜீனைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவில், என்கோ-ஒன், எக்ஸ்ஹோ-ஒன் என்ற இரண்டு என்சைம்கள் வெட்டும் இடங்களுக்கு நடுவே வைக்க வேண்டும். ஹிஸ் டேக் (புரதத்தைப் பிரித்தெடுக்க உதவும் ஆறு ஹிஸ்டிடின்) புரதத்தின் வால் பக்கம் மட்டும் வரவேண்டும், அதனால் புரதத்தை அதற்கு முன்பே முடித்துவிடும் ஸ்டாப் கோடானை எடுத்துவிட்டேன். என்சைம் உட்கார்ந்து வெட்ட முன்னால் ஆறு எழுத்து கூடுதலாகவும் போட்டேன். எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன்.

ஜீனை நகலெடுக்கும் பிசிஆர் அருமையாக வந்தது. வெட்டிவிட்டு ஜெல்லில் ஓட்டினால் ஒரு பேண்டுக்குப் பதில் இரண்டு, ஐந்நூற்றை ஒட்டி ஒன்று, 270 பக்கம் ஒன்று. பிசிஆரைக் குறை சொல்லி மூன்று நாள் வீணாக்கினேன். சீனியர் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "சீக்வென்ஸ்ல தேடிப் பார்த்தியாடா?" தேடினேன். எக்ஸ்ஹோ வெட்டும் சி-டி-சி-ஜி-ஏ-ஜி, ஜீனுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

சரி, ஜீனை வெட்ட எக்ஸ்ஹோவுக்குப் பதில் சால்-ஒன் என்சைம். இரண்டில் எது வெட்டினாலும் முனையில் டி-சி-ஜி-ஏ என்ற ஒரே வால்தான் நீட்டும், ஒட்டிக்கொள்ளும். பிரைமரை (பிசிஆரில் ஜீனின் முனைகளைத் தீர்மானிக்கும் சிறு டிஎன்ஏ) மாற்றும்போதுதான் முன்பக்கத்துக் கூத்தும் கண்ணில் பட்டது. என்கோ-ஒன்னின் அடையாளம் சி-சி-ஏ-டி-ஜி-ஜி. அதை முழுசாக எழுதி, அதன் பின்னால் ஜீனின் தொடக்கமான ஏ-டி-ஜி-யை மறுபடி ஒட்டியிருந்தேன். ரிபோசோம் முதல் ஏ-டி-ஜி-யில் தொடங்கினால் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் ஃப்ரேம் நழுவிவிடும். க்ளோன் கிடைத்திருக்கும், புரதம் கிடைத்திருக்காது! ஏ-டி-ஜி-யை ஒன்றாக்கலாம் என்றால் அடுத்த எழுத்து ஜி-யாக இருக்க வேண்டும். என் இரண்டாவது கோடானோ ஏ-ஏ-ஏ, லைசின். ஜி போட்டால் அது குளூட்டமிக் அமிலமாகிவிடும்.

வழி பிஎஸ்பிஹெச்-ஒன் என்ற இன்னொரு என்சைம். அதன் அடையாளம் டி-சி-ஏ-டி-ஜி-ஏ. ஜி-க்குப் பின் ஏ வருவதால் லைசின் தப்பித்தது. வெட்டினால் நீட்டுவது சி-ஏ-டி-ஜி, என்கோவின் வாலேதான். இரண்டு என்சைமும் ஜீனுக்குள் வெட்டாது என்று இந்த முறை முதலிலேயே தேடிவிட்டேன். பின்பக்க ஃப்ரேமையும் பேப்பரில் எழுதிப் பார்த்தேன்: ஜி-டி-சி, ஜி-ஏ-ஜி, பிறகு வரிசையாக ஆறு ஹிஸ்டிடின்.

எட்டு காலனியில் ஆறில், வெக்டரில் ஜீனின் இருபுறமும் ஒட்டும் டி7 பிரைமர்களால் செய்த பிசிஆரில் ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே பேண்ட் வந்தது. "டைஜஷன் எங்கே?" என்று, என்சைமால் வெட்டிப் பார்த்த சோதனையைக் கேட்டார் கைடு. ஒட்டிய இடங்களை என்கோவும் வெட்டாது, பிஎஸ்பிஹெச்சும் வெட்டாது. சால், எக்ஸ்ஹோவுக்கும் அதே கதை. இதை போர்டில் எழுதிக் காட்டிய பிறகுதான் சீக்வென்ஸிங்குக்குக் கையெழுத்துப் போட்டார்.