சொந்த நாடி

ஜூன் 9
அப்பாவுக்கு நாடி 36.

ஜூன் 10, விடியற்காலை
மூன்று நாளாக வாந்தி, பேதி. “வயிறுதானே, சரியாயிடும்” என்று மோரைக் குடித்துக்கொண்டு கிடந்தார். பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு வேளை விடவில்லை. நாடியையும் குறைக்கும் அட்டெனோலால் 50, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. பதினோரு வருஷப் பழக்கம்.

அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுமாம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஆறேழு மணி நேரத்தில் பாதி போய்விடும். அப்பாவுக்கு இப்போது அதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்றார் டாக்டர். சிறுநீரகம் வடிகட்டவேண்டிய கழிவு, க்ரியாட்டினின், 4.8க்கு ஏறியிருந்தது. பழையது வெளியேறும் முன்பே அடுத்தது உள்ளே. பொட்டாசியம் வேறு ஏறி 6.6. நாடி குறைந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது, போதாவிட்டால் மருந்தும் பொட்டாசியமும் இன்னும் தேங்கும், நாடி இன்னும் குறையும். இந்தச் சுழலுக்கு ‘பிராஷ்’ என்று பெயராம். பெயர் தெரிந்து என்ன செய்ய?

ஜனவரி ரிப்போர்ட்டிலேயே க்ரியாட்டினின் 2.1 இருந்தது, அப்போதே அதிகம். சீட்டில் அதே 50, அதே இரண்டு வேளை. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு ஃபைலில் வைத்தேன்.

மாலை
நாடியை ஏற்றப் போட்ட அட்ரோபினுக்கு அசையவில்லை. கால்சியம் போட்டார்கள். குளுக்ககான் ஊசிக்கு அண்ணன் ஐந்து மருந்துக்கடை ஏறி இறங்கினான். அதைப் போட்டதும் மறுபடி வாந்தி. கடைசியில் கழுத்து வழியாகத் தற்காலிக பேஸ்மேக்கர். திரையில் 70. அது பெட்டியின் நாடி, அப்பாவுடையது இல்லை.

ஜூன் 11
அம்மா மாத்திரை அட்டையை மடியில் வைத்து எண்ணிக்கொண்டே இருக்கிறாள். கேட்டால் பதில் இல்லை.

ஜூன் 12
டயாலிசிஸ். தண்ணீரில் கரையும் மருந்து என்பதால் இது டயாலிசிஸில் போய்விடுமாம். இதே வகை மாத்திரையான புரொப்ரனலால் என்றால் அப்படிப் போகாதாம். இதிலும் ஓர் அதிர்ஷ்டம் என்றார்.

ராத்திரி வராண்டாவில் அம்மா சொன்னாள். “வாந்தியில போயிருக்கும்னு நெனச்சு, ஒவ்வொரு தடவையும் இன்னொண்ணு குடுத்தேன்டி.”

எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 13
பெட்டியைச் சற்று நேரம் நிறுத்திப் பார்த்தார்கள். 52. சொந்த நாடி!
ஜனவரியில் 2.1.

ஜூன் 14
அப்பா வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி: “காலை மாத்திரை எங்கே?”
அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஜூன் 15
சிறுநீர் 600 மில்லி. அட்டையைக் காணவில்லை. அம்மா பையிலும் இல்லை.