கையெழுத்துக்கு ஏறிய வட்டி

உசிலம்பட்டி, 12 ஆகஸ்ட் 2024, திங்கள்

எங்கள் மகளிர் குழுவின் தவணைப் புத்தகத்தில் ஒரு பெயருக்கு நேரே இந்த மாதம் பணம் ஏறவில்லை. கட்டட வேலைக்குச் சிற்றாளாகப் போகிறவள். ஒன்பது ஆண்டுகளில் ஒரு தவணையும் தவறாதவள். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு தங்கிய கருவைக் கலைக்க ஒன்பதாவது வாரத்திலேயே மருத்துவமனைக்குப் போனவளை, கணவர் கையெழுத்து வேண்டுமென்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சேதி கேட்டதிலிருந்து திருப்பூரில் இருக்கும் அவர் போனை எடுப்பதில்லை. "கையெழுத்துக்கு அவர எங்கக்கா போய்த் தேட?" என்றாள்.

14 ஆகஸ்ட், புதன்

சட்டத்தை வாங்கிப் படித்தேன். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதுமென்று 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. குடும்பத்தாரின் ஒப்புதல் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 29 செப்டம்பர் 2022 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. இதை அவளிடம் சொல்ல நான் ஒரு மாதம் பிந்திவிட்டேன்.

17 ஆகஸ்ட், சனி

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூன்று நாள் கூலி 1,650 ரூபாய் போயிற்று. பதின்மூன்றாவது வாரத்தில் மதுரையில் தனியார் மருத்துவமனைக்குக் கட்டிய 15,000 ரூபாயைப் பத்து வட்டிக்கு வாங்கியிருக்கிறாள். ஆக, மாதம் 1,500 ரூபாய், ஏறக்குறைய மூன்று நாள் கூலி, அசலைத் தொடாமல் வட்டிக்கே போகிறது. தோடும் அடகில் இருக்கிறது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

அமெரிக்காவில் கருக்கலைப்பு மறுக்கப்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வைப் பற்றி இன்று படித்தேன். கால வரம்பை ஒட்டிச் சற்று முன்னால் வந்து சிகிச்சை பெற்றவர்களையும், சற்றுப் பிந்தி வந்ததால் திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். மறுக்கப்பட்டவர்களின் தவணை தவறிய கடன் 78 விழுக்காடு கூடியது. நொடிப்பு, வீட்டிலிருந்து வெளியேற்றம் போன்ற பதிவுகள் 81 விழுக்காடு கூடின. அவர்களிலும் பெரும்பாலோர் ஏற்கெனவே தாய்மார்கள். கருக்கலைப்பு அரசியலமைப்பு தரும் உரிமை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 24 ஜூன் 2022 அன்று அளித்த தீர்ப்புக்குப் பிறகு அங்கே பல மாநிலங்கள் கருக்கலைப்பையே தடை செய்துவிட்டன என்பதை நினைக்கும்போது, எத்தனை வீடுகளின் தவணைப் புத்தகங்கள் இப்படி வெறுமையாகக் கிடக்குமோ என்று மனம் பதைக்கிறது.

19 ஆகஸ்ட், திங்கள்

பத்து வட்டியை அடைக்கக் குழு நிதியிலிருந்து 15,000 ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். காரணம் என்ன எழுதுவது என்று கேட்டேன். "மருத்துவச் செலவுன்னே எழுதுங்கக்கா" என்றாள். அப்படியே எழுதினேன்.