பிழை விகிதத்துக்குள் வராதவர்கள்

அமெரிக்காவின் ஸ்நாப் உணவு உதவித் திட்டத்துக்கு 2008 வரை ஃபுட் ஸ்டாம்ப் என்றுதான் பெயர். வயதானவர்கள் பலர் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். மாதாமாதம் இபிடி என்ற மின்னணு அட்டையில் பணம் ஏறும், அதைக் கடையில் கொடுத்து உணவுப் பொருள் வாங்கலாம். நாடு முழுக்கச் சுமார் நான்கு கோடிப் பேர் இதை நம்பியிருக்கிறார்கள். நான் ஒரு மாநில அலுவலகத்தில், இந்த உதவி சரியான ஆளுக்குச் சரியான தொகையாகப் போனதா என்று சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன்.

மாதந்தோறும் குலுக்கல் முறையில் சில கோப்புகள் எங்களுக்கு வரும். கேஸ் வொர்க்கர், அதாவது விண்ணப்பத்தைக் கையாண்ட ஊழியர், என்ன முடிவெடுத்தார் என்பதைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். வேலை கொடுத்தவரிடம் சம்பளத்தைக் கேட்போம், வீட்டுக்காரரிடம் வாடகையைக் கேட்போம், உதவி பெறுபவரிடமும் பேசுவோம். ஒரே கூரையின் கீழ் இருப்பதாலேயே எல்லோரும் ஒரு குடும்பம் ஆகிவிட மாட்டார்கள். பொதுவாக, சேர்ந்து வாங்கிச் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுபவர்கள்தான் ஒரு குடும்பம். அண்ணன் வீட்டில் ஓர் அறையில் தங்கித் தனியாகப் பொங்கிச் சாப்பிடும் தம்பி தனிக் கணக்கு. இதை ஃபோனில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவே நேரம் பிடிக்கும்.

அப்புறம் வருமானம். பிழைகள் அதிகம் கிடக்கும் இடம் இதுதான். வாரச் சம்பளம் வாங்குபவரின் நான்கு ரசீதுகளைக் கூட்டினால் மாத வருமானம் வராது. மாதத்தில் நான்கு வாரத்துக்கு மேல் இருக்கிறதே. வாரச் சராசரியை 4.3 ஆல் பெருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால் 2.15 ஆல். கடை ஊழியருக்கு ஒரு வாரம் 18 மணி நேர வேலை கிடைக்கும், அடுத்த வாரம் 34. எந்த ரசீது வழக்கமானது, எது பண்டிகைக் கூட்டத்தால் கூடியது என்று முடிவெடுப்பதில் இரண்டு நேர்மையான ஊழியர்கள்கூட வேறுபடலாம்.

இதனால்தான் 'பிழை விகிதம்' செய்தியாக வரும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. கொடுத்த மொத்த உதவித்தொகையில் கூடவோ குறையவோ தவறாகப் போன தொகை எத்தனை சதவீதம் என்பதுதான் அது. 2024 நிதியாண்டில் தேசிய விகிதம் 10.93 சதவீதம். உடனே பத்தில் ஒரு பங்கு மோசடி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அது மோசடிக் கணக்கே இல்லை. அந்த 10.93-இல் 1.67 புள்ளி, மக்களுக்குச் சேர வேண்டியதைவிடக் குறைவாகக் கொடுத்தது. மீதி அதிகமாகக் கொடுத்தது, அதிலும் அலுவலகத்தின் தவறுகள் நிறைய உண்டு. அலுவலகம் தவறாகக் கணக்குப் போட்டிருந்தாலும் கூடுதலாக வந்த பணத்தைக் குடும்பம்தான் திருப்பிக் கட்ட வேண்டும். சட்டம் அப்படி. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால் இந்த எண்ணின் கனம் கூடிவிட்டது. இதுவரை உதவித்தொகை முழுவதும் மத்திய அரசின் பணம். 2027 அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டிலிருந்து, பிழை விகிதம் 6 சதவீதத்தைத் தொட்ட மாநிலங்கள் அதில் 5 முதல் 15 சதவீதம் வரை தாமே ஏற்க வேண்டும். மாநில பட்ஜெட்டுக்கு அது பெரிய அடி. எண்ணைக் குறைக்க நெருக்கடி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2015, 2016 ஆண்டுகளுக்குத் தேசிய விகிதமே வெளியிடப்படவில்லை. பல மாநிலங்கள் அனுப்பிய தரவு நம்பும்படி இல்லை என்று, திட்டத்தை நடத்தும் மத்திய வேளாண் துறையே நிறுத்தி வைத்தது. பிழைகளைக் குறைத்துக் காட்டியதாக எழுந்த குற்றச்சாட்டில், பிறகு சில மாநிலங்கள் மத்திய அரசின் நீதித் துறையோடு சமரசம் செய்து பணம் கட்டின.

ஆனால் எனக்குப் பெரிய கவலை, மறுக்கப்பட்டவர்கள் பற்றியது. ஒரு கோப்பில், வாடகைக் கடிதம் தரவில்லை என்று காரணம் காட்டி ஒரு பெண்ணின் விண்ணப்பத்தைத் தள்ளியிருந்தார்கள். அந்தக் கடிதம் தள்ளிய தேதிக்கு முன்பே ஸ்கேன் ஆகி அதே கோப்பில் கிடந்தது. அவருக்கு ஒரு டாலரும் கொடுக்கப்படவில்லை, அதனால் பணப் பிழை விகிதத்தில் அவர் வரவே மாட்டார். மறுப்புக் கோப்புகளைத் தனியாகக் குலுக்கி எடுத்துச் சோதிப்பார்கள், அதற்குத் தனி விகிதமும் உண்டு. ஆனால் மாநிலம் ஏற்க வேண்டிய பங்கு அந்த விகிதத்தை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. அந்தச் சோதனையும் பெரும்பாலும் கோப்போடு முடிந்துவிடும், ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

பயந்த அலுவலகம் இன்னும் ஒரு தாள் கேட்கும். அதைக் கொண்டுவர முடியாதவர் விலகிப் போவார், விகிதமும் கொஞ்சம் இறங்கும். அதனால் மறுப்புக் கோப்பில் தவறு கண்டால் நான் அறிக்கையோடு நிறுத்துவதில்லை. விண்ணப்பத்தை மறுபடி திறக்கச் சொல்லி அந்த அலுவலகத்துக்குத் தனியாக எழுதி, திறக்கும்வரை விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைத் திறந்தார்கள், விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்குப் போட்டு உதவி கொடுத்தார்கள்.